வீட்டைச் சுற்றிப் பாம்புகள் நடமாடும் இடத்தில் பாதுகாப்பாக வாழ: முழுமையான வழிகாட்டி

வயல், தோப்பு, புதர், ஓடை, காலி மனை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஒட்டி வீடு இருந்தால், அங்கே என்றாவது ஒரு நாள் பாம்பு வரும். அதை முற்றிலும் தடுத்துவிட முடியாது. ஆனால், வந்த பாம்பு யாருடைய கையிலும் காலிலும் படாமல் தன் வழியே கடந்துபோகும்படி வீட்டையும் நம் பழக்கங்களையும் அமைத்துக்கொள்ள முடியும். அதற்குச் செய்ய வேண்டியவை கீழே வரிசையாகத் தரப்பட்டுள்ளன.

இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிதாக இத்தகைய இடத்துக்குக் குடிவருபவர்கள் பெரும்பாலும் பின்னால் செய்ய வேண்டிய வேலையை முதலில் தொடங்குகிறார்கள். பாம்பைக் கண்ட மறுநாளே முற்றத்தில் கிடக்கும் செங்கல் குவியலையும் விறகையும் கையால் வாரிக் கலைக்கிறார்கள். குவியலுக்குள் இருந்த பாம்பு கலைந்து, அருகில் இருக்கும் இருட்டான இடைவெளியைத் தேடுகிறது. அந்த இடைவெளி பல சமயங்களில் அவர்கள் இன்னும் அடைக்காமல் விட்டிருக்கும் கதவின் அடிப்பகுதியாக இருந்துவிடுகிறது.

1. பாம்பு கண்ணில் படுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

முதல் வேலை தொலைபேசியில் முடிகிற வேலை. நீங்கள் விரைந்து சென்றடையக்கூடிய மருத்துவமனைகளில் எதில் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து எந்நேரமும் இருப்பில் உள்ளது, எதில் செயற்கைச் சுவாசக் கருவி உள்ளது, இரவில் அங்கே மருத்துவர் இருப்பாரா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதிவையுங்கள். கடிபட்ட பிறகு இந்தத் தகவலைத் தேடினால், மிக அருகிலிருக்கும் சிறிய மருத்துவமனைக்குச் சென்று, அங்கே மருந்து இல்லை என்று அறிந்து, வேறிடத்துக்குக் கிளம்புவதிலேயே மிகவும் தேவையான நேரம் கரைந்துவிடும்.

விஷமுறிவு மருந்தை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அது பெரும்பாலும் குதிரைகளின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து தயாரிக்கப்படுவதால், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். அதைச் சமாளிக்கும் மருந்துகளும் கருவிகளும் உள்ள இடத்தில், சிரை (இரத்தக் குழாய்) வழியாக மட்டுமே அது செலுத்தப்பட வேண்டும்.

இரண்டாவதாக, பாம்பு வீட்டுக்குள் வந்தால் யாரை அழைப்பது என்பதை முடிவு செய்யுங்கள். வனத்துறை, தீயணைப்புத் துறை, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளர் ஆகியோரில் உங்கள் பகுதியில் உண்மையில் வருபவர் யார் என்று விசாரித்து, அந்த எண்ணையும் மருத்துவமனை எண்ணையும் ஆம்புலன்ஸ் எண்ணையும் வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். கைப்பேசியில் மட்டும் சேமித்து வைத்தால், அந்தக் கைப்பேசியின் உரிமையாளரே கடிபட்டு மயங்கும்போது எண் யாருக்கும் கிடைக்காது.

பொருள்களில் முக்கியமானவை சிலவே: வெளிச்சம் நன்றாக விழும் டார்ச், கணுக்காலுக்கு மேல் மூடும் பூட்ஸ், நீண்ட கைப்பிடியுள்ள வாரி, 6 மி.மீ. அல்லது அதைவிடச் சிறிய கண்களையுடைய உலோக வலை, சிமெண்ட், கதவடிக்கான ரப்பர் பட்டை. தடித்த கையுறை முள்ளுக்கும் கீறலுக்கும் உதவும். விரியன் பாம்பின் நீண்ட பற்களை அது தடுக்கும் என்று நம்பிப் பொந்துக்குள் கையை விடக் கூடாது.

2. உங்கள் பகுதியின் பாம்புகளைப் பற்றி அறிதல்

பாம்பின் பெயரை அறிவதைக் காட்டிலும், அது எப்போது வெளியே வரும், எங்கே ஒளியும், தொந்தரவு செய்தால் என்ன செய்யும் என்பதை அறிவதே பயன் தரும். முன்னெச்சரிக்கை ஒவ்வொன்றும் இந்த மூன்றிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தியத் துணைக்கண்டத்தில் பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணமானவை நான்கு பாம்புகள். நல்ல பாம்பு எலி வளைகளிலும் குவியல்களிலும் தங்கும். அது எப்போதும் படம் எடுத்தபடி இருக்காது. படம் எடுக்காமல் விரைந்து ஓடும் நல்ல பாம்பைச் சாரை என்று எண்ணிப் பின்தொடர்வது அடிக்கடி நடக்கும் தவறு. கண்ணாடி விரியன் தடித்த உடலும் முக்கோணத் தலையும் சங்கிலி போன்ற கரும்புள்ளி வரிசைகளும் கொண்டது. புல்லிலும் சருகிலும் அசையாமல் கிடக்கும். நெருங்கினால் குக்கர் ஆவி விடுவதைப் போல உரக்கச் சீறும். சுருட்டை விரியன் சிறியது. வறண்ட, மணற்பாங்கான, கற்கள் நிறைந்த நிலத்தில் வாழ்வது. உடலை மடித்துச் செதில்களை உரசி ஒலி எழுப்பும். நான்காவது கட்டுவிரியன், வீட்டுக்குள் தூங்குபவர்களைக் கடிப்பது பெரும்பாலும் இதுதான் என்பதால் அடுத்த பகுதி முழுவதும் அதைப் பற்றியதாக இருக்கும்.

இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து பயன்படுத்தப்படுகிறது. ஆகவே இங்கே கடித்த பாம்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய தேவையே இல்லை. இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ள, மூக்கு நுனி மேல்நோக்கி உயர்ந்த சிறிய குழிவிரியனின் விஷத்தை இந்த மருந்து முறிப்பதில்லை. அப்பகுதியில் வாழ்பவர்கள் அந்தப் பாம்பின் தோற்றத்தைத் தெரிந்துவைத்து மருத்துவரிடம் சொல்வது சிகிச்சைக்கு உதவும். மலேசியா முதலிய தென்கிழக்காசிய நாடுகளில் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சும் நாகங்களும் உண்டு. விஷம் கண்ணில் பட்டால், தேய்க்காமல் நிறைய சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவியபடியே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒன்றைப் போல இன்னொன்று தோன்றுவதால் நேரும் குழப்பம் தீவிரமானது. கட்டுவிரியனின் வெள்ளை வளையங்கள் மெல்லியவை, பெரும்பாலும் இரட்டையாக இருப்பவை. கழுத்தருகே மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கித் தெளிவாகும். விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனின் பட்டைகள் கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். எழுதும்போது இது எளிதாகத் தெரிகிறது. சுவரோரம் அரைவெளிச்சத்தில் நகரும் பாம்பில் இதைப் பார்த்து முடிவெடுக்க அனுபவசாலிகளே தயங்குவார்கள். எனவே இந்த அறிவைத் தொலைவிலிருந்து கவனிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "இது விஷமில்லாதது" என்ற முடிவின் பேரில் எந்தப் பாம்பையும் தொடாதீர்கள்.

3. தூங்கும் இடத்தைப் பாதுகாத்தல்

வீட்டில் மாற்ற வேண்டிய முதல் இடம் படுக்கை. கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. பல்லி, எலி, பிற பாம்புகள் ஆகியவற்றைத் தேடிச் சுவரோரமாக நகர்ந்து வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது அதன் மேல் கையோ காலோ பட்டால் அது கடிக்கிறது. கடி வலிப்பதில்லை, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். அதனால் பலர் விழிப்பதே இல்லை, விழித்தாலும் எறும்பு என்று எண்ணிவிடுகிறார்கள். சில மணி நேரத்தில் வயிற்று வலியோடு எழுந்து, செரிமானக் கோளாறு என்று கருதி மருந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பவர்களும் உண்டு. இமைகள் தாமாகச் சரிவதும் விழுங்க முடியாமல் போவதும் தெரியும்போது மிகவும் தாமதமாகியிருக்கும்.

இதற்கான தீர்வு செலவு குறைந்தது: கட்டிலும் கொசுவலையும். கொசுவலையை வெறுமனே தொங்கவிட்டால் போதாது. அதன் விளிம்பை நான்கு பக்கமும் மெத்தைக்கோ பாய்க்கோ அடியில் செருக வேண்டும். தெற்கு நேபாளத்தில் நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, கொசுவலைக்குள் தூங்குவது பாம்புக்கடி அபாயத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. கட்டில் இல்லாமல் தரையில் படுக்க நேர்ந்தால், கொசுவலை இன்னும் கட்டாயமாகிறது.

கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளிப் போடுங்கள், ஏனெனில் சுவரோரம்தான் பாம்பின் இயல்பான பாதை. போர்வையோ விரிப்போ தரையைத் தொடும்படி தொங்கினால் அது ஏறுவதற்குப் படியாகிவிடும். படுக்கையறையில் தானிய மூட்டை வைத்திருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

டார்ச்சைத் தலையணைக்கு அருகில், கொசுவலைக்கு உள்ளேயே வையுங்கள். இரவில் எழும்போது முதலில் வெளிச்சம் தரையில் விழ வேண்டும். அதன் பிறகே கால் விழ வேண்டும். செருப்புக்குள்ளும் ஒரு முறை வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள்.

4. வீட்டின் இடைவெளிகளை அடைத்தல்

அடைப்பதற்கு முன், உள்ளே பாம்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள், வெளியே போக வழியில்லாத ஒரு பாம்போடு தங்களையும் சேர்த்து அடைத்துக்கொள்கிறார்கள். சுவரிலோ தரையிலோ உள்ள பொந்தின் வாயில் பழைய சிலந்திவலை கிழியாமல் இருந்தால், அண்மையில் எதுவும் அதன் வழியே போகவில்லை என்று பொருள். வலை இல்லையென்றால், பொந்தின் முன் மாவை மெல்லிய படலமாகத் தூவி, அடுத்தடுத்த காலைகளில் பாருங்கள். சிறு பாதத் தடங்கள் எலியைக் காட்டும்; தொடர்ச்சியான வழுவழுப்பான கோடு பாம்பைக் காட்டும். தடம் இருக்கும் வரை அடைக்காமல், மீட்பாளரை அழையுங்கள்.

இடைவெளிகளைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழி: இரவில் வீட்டுக்குள் எல்லா விளக்குகளையும் போட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பூட்ஸ் அணிந்து டார்ச்சுடன் வெளியே நின்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் குறிப்பு எழுதுங்கள். சிறிய பாம்புகளும் குட்டிகளும் 6 மி.மீ.-ஐ விடச் சற்றே பெரிய இடைவெளியிலேயே நுழைந்துவிடும். குட்டிகள்தானே என்று அலட்சியம் வேண்டாம். விஷப் பாம்பின் குட்டிக்குப் பிறந்த நாளிலிருந்தே விஷம் உண்டு.

கதவின் அடிப்பகுதிதான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. ரப்பர் பட்டை பொருத்தும்போது நடுப்பகுதி நன்றாக மூடி, இரண்டு மூலைகளிலும் விரலளவு சந்து விட்டுப்போவது வழக்கம். பாம்பு சுவரை ஒட்டியே வருவதால், அந்த மூலைதான் அதன் முகத்துக்கு நேராக இருக்கும். பட்டையை நிலை வரை நீட்டிப் பொருத்துங்கள். அதன் பிறகு அந்தி வேளையில் காற்றுக்காகக் கதவைத் திறந்தே போட்டிருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண். வலையடித்த இரண்டாவது கதவு ஒன்றைப் போடுவதே சரி.

அடுத்து குழாய்கள். குளியலறை, சமையலறைக் கழிவுநீர்த் துளைகளுக்கு உலோகச் சல்லடை மூடி தேவை. ஏசி குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் சுற்றியுள்ள சந்தைச் சிமெண்டால் பூசுங்கள். நுரைப் பூச்சு மட்டும் போட்டால் எலி அதைக் கடித்து மறுபடி வழி திறக்கும். கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய் உச்சிக்கும், கூரை சுவரைத் தொடும் இடத்துக்கும் வலை அவசியம். கூரையையும் ஜன்னலையும் தொடும் கிளைகளையும் கொடிகளையும் வெட்டி விலக்குங்கள், ஏனெனில் நன்றாக மரமேறும் பாம்புகள் பல உள்ளன.

5. முற்றத்தைச் சீர் செய்தல்

வீடு அடைபட்ட பிறகே இந்த வேலை. நல்ல பகல் வெளிச்சத்தில், இருவராக, பூட்ஸும் நீண்ட கால்சட்டையும் அணிந்து செய்யுங்கள். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் சற்றுத் தள்ளி நின்று குவியலை மட்டும் கவனிக்க வேண்டும். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

குவியலை வீடு இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கிக் கலையுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் பாம்பு வீட்டுக்கு எதிர்த் திசையில் விலகும். மேலிருந்து ஒவ்வொரு அடுக்காக, வாரியால் இழுத்து எடுக்க வேண்டும். கிடக்கும் தகரத்தையோ பலகையையோ தூக்க வேண்டியிருந்தால், எதிர்ப்பக்க விளிம்பை வாரியின் நுனியால் கொக்கி போட்டு உங்களை நோக்கி உயர்த்துங்கள். அடியில் பாம்பு இருந்தால் அந்தத் தகரமே உங்களுக்கும் அதற்கும் நடுவே தடுப்பாக நிற்கும். அதற்குத் தப்பிப் போகவும் வழி கிடைக்கும். பெரும்பாலானவர்கள் தம் பக்கத்து விளிம்பில் விரலை நுழைத்து எதிர்ப்பக்கமாகத் தள்ளித் திறக்கிறார்கள். அது விரலையும் முகத்தையும் நேராகப் பாம்புக்கு முன் கொண்டுபோய் வைப்பதாகும்.

இடையில் முட்டைகளோ, சுருண்டு கிடக்கும் பாம்போ, பல குட்டிகளோ தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு மீட்பாளரை அழையுங்கள். நல்ல பாம்பு தன் முட்டைகளைக் காவல் காக்கும். கண்ணாடி விரியன் முட்டையிடாமல் ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும்.

விறகு, ஓடு, செங்கல் ஆகியவை தேவையென்றால் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரமான சட்டத்தின் மேல் அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் ஊடுருவினால் பாம்பு அங்கே தங்காது. வீட்டைச் சுற்றிச் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வைத்திருப்பது, பாம்பு வந்தாலும் கண்ணில் படும்படி செய்யும். மட்கு உரக் குவியலின் வெதுவெதுப்பு முட்டையிட ஏற்றது என்பதால், அதைத் தோட்டத்தின் கடைக்கோடிக்கு மாற்றுங்கள்.

பறவைகளைத் தடுக்கத் தோட்டத்தில் போடும் மெல்லிய நைலான் வலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரையில் புரளும் அதன் மடிப்புகளில் பாம்பு சிக்கி, செதில்களுக்கு அடியில் நூல் இறுகி, வெயிலில் துடித்துச் சாகிறது. இரக்கப்பட்டுக் கத்தரியோடு அருகே போகிறவரையும் அது கடிக்கக்கூடும். வலை தேவையில்லாத நாளில் சுருட்டி எடுத்துவையுங்கள். தேவையான நாளில் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி இறுக்கமாகக் கட்டுங்கள்.

6. இரையைக் குறைத்தல்

பாம்பு வருவதற்கான முதன்மைக் காரணம் எலி. மற்ற எல்லா வேலைகளையும் செய்துவிட்டு எலியை விட்டுவைத்தால், ஒரு பாம்பு போனாலும் இன்னொன்று வரும். தானியத்தையும் கோழித் தீவனத்தையும் மூடி இறுகும் உலோகப் பாத்திரத்தில் வையுங்கள். நாய், பூனைக்கு வைத்த உணவின் மிச்சத்தை இரவு வெளியே விடாதீர்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கட்டும்.

எலி மருந்தைவிட எலிப்பொறி நல்லது. மருந்து தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பூனையும் நஞ்சேறிச் சாகும். அவை இல்லாமல் போனால் எலி மேலும் பெருகும். கோழிக் கூண்டுக்கும் 6 மி.மீ. வலையே வேண்டும், ஏனெனில் முட்டைக்கும் குஞ்சுக்கும் பாம்பு வரும்.

வாசலில் இரவு முழுவதும் எரியும் விளக்கு பூச்சிகளை ஈர்க்கிறது. பூச்சிக்குத் தேரையும் பல்லியும் வருகின்றன. அவற்றைத் தேடிப் பாம்பு வருகிறது. ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கைப் பொருத்தினால், தேவையான நேரத்தில் வெளிச்சமும் கிடைக்கும், இந்தச் சங்கிலியும் அறுபடும். சொட்டும் குழாய்களைச் சரிசெய்யுங்கள். வறண்ட மாதங்களில் ஈரமான மூலையே பாம்புக்குப் புகலிடம்.

7. நம்பக் கூடாத தடுப்புகள்

நாப்தலீன் உருண்டை, கந்தகம், பினாயில், பூண்டு, மண்ணெண்ணெய் ஆகியவை பாம்பை விரட்டும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நாப்தலீனும் கந்தகமும் சோதிக்கப்பட்டு, பயனற்றவை என்று காணப்பட்டவை. நாப்தலீன் உருண்டையைக் குழந்தை வாயில் போட்டால் நஞ்சாகும். மண்ணெண்ணெய் நிலத்தையும் நீரையும் கெடுக்கும். இவற்றைவிடப் பெரிய கேடு, "மருந்து போட்டாயிற்று" என்ற தைரியத்தில் டார்ச் இல்லாமல் இருட்டில் நடக்கத் தொடங்குவதுதான்.

குழந்தைகள் விளையாடும் சிறு பகுதிக்கு உண்மையான தடுப்பு வேண்டுமானால், வலைவேலி பயன்படும். 6 மி.மீ. கண்ணுள்ள உலோக வலையை ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்துக்கு, அடிப்பகுதி 15 செ.மீ. மண்ணில் புதையும்படி, வெளிப்புறமாக 30 பாகை சாய்த்து நிறுத்துங்கள். தாங்கும் கம்புகள் உட்புறம் இருக்க வேண்டும். வெளிப்புறம் இருந்தால் அவற்றைப் பற்றியே பாம்பு ஏறிவிடும். வேலியை ஒட்டிப் புல்லும் செடியும் வளர விடாதீர்கள். ஓரிடத்தில் சாய்ந்த ஒரு செடி போதும், மொத்த வேலியும் பயனற்றுப்போகும்.

8. கைக்கும் காலுக்கும் பழக்கம்

கடிகளில் மிகப் பெரும்பாலானவை பாதம், கணுக்கால், கை ஆகியவற்றில் விழுகின்றன. காரணம் எளிது: பார்க்காத இடத்தில் கால் வைக்கிறோம், பார்க்காத இடத்தில் கை விடுகிறோம். இருட்டில் டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி தூரம்தானே என்ற விலக்கு கூடாது. புல்லில் நடக்கும்போது கம்பால் தரையைத் தட்டிச் செல்லுங்கள். பாம்பு தரையின் அதிர்வை நன்றாக உணர்ந்து விலகும். ஆனால், விரியன் வகைகள் விலகாமல் அசையாது கிடக்கும் என்பதால், தட்டுவது பார்ப்பதற்கு மாற்றாகாது.

விறகு எடுப்பதற்கு முன் வாரியால் புரட்டுங்கள். வெளியே விட்ட காலணியைக் கவிழ்த்துத் தட்டிய பிறகே அணியுங்கள். மழை பெய்து பொந்துகளில் நீர் நிரம்பிய நாட்களிலும், வெள்ளம் வடிந்த பிறகும் இரட்டிப்புக் கவனம் தேவை; அப்போது பாம்புகள் மேடான, உலர்ந்த இடத்தைத் தேடி வீட்டுப் பக்கம் வரும்.

9. பாம்பைக் கண்டால்

வெளியே கண்டால், அசைவை நிறுத்தி, அது எங்கே இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள். மூன்று மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். அடிக்கவோ, மூலைக்கு நெருக்கவோ, அருகில் சென்று படம் எடுக்கவோ முயலும்போதுதான் பல கடிகள் நேர்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்பைக் கொல்வதையும் பிடித்து வைப்பதையும் தடை செய்கிறது.

வீட்டுக்குள் கண்டால், முதலில் குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் வெளியேற்றுங்கள். பாம்பு இருக்கும் அறையிலிருந்து மற்ற அறைகளுக்குப் போகும் கதவுகளைச் சாத்தி, கதவடியில் ஈரத் துணியைச் சுருட்டி அடையுங்கள். அந்த அறைக்கு வெளிவாசல் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். பின்னர் ஒருவர் மட்டும் தொலைவில் நின்று, கண் எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீட்பாளர் வரும்போது "இங்கேதான் எங்கோ போனது" என்பதைவிட "அந்த அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது" என்ற சொல் அவர் வேலையையும் உங்கள் இரவையும் எளிதாக்கும். மேலே தண்ணீரோ பினாயிலோ ஊற்றாதீர்கள். மிரண்ட பாம்பு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

பகலில் கட்டுவிரியன் தலையை உடலுக்கடியில் மறைத்துச் சுருண்டு, தொட்டாலும் மந்தமாக இருக்கக்கூடும். அந்தச் சாதுத் தோற்றத்தை நம்பி முறத்தில் அள்ளப் போகாதீர்கள். செத்த பாம்பையும் கையால் எடுக்கக் கூடாது. துண்டான தலைகூட நெடுநேரம் கடிக்கும் திறனோடு இருக்கும்.

மீட்பாளர் பாம்பைக் கழுத்தில் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினால் அது திறமையின் அடையாளமாகாது. பயிற்சி பெற்றவர் கொக்கியும் பையும் குழாயும் கொண்டு, இயன்றவரை கையால் தொடாமல் வேலையை முடிப்பார். "வெகுதூரம் கொண்டுபோய் விடுங்கள்" என்று அவரை வற்புறுத்தாதீர்கள். பழகிய நிலத்திலிருந்து தொலைவில் விடப்பட்ட பாம்புகள் திசை தெரியாமல் அலைந்து அதிகமாகச் சாகின்றன. அருகில் உள்ள பொருத்தமான இடத்தில் விடுவதே முறை. அவர் போனதும், பாம்பு எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைத் தேடி நான்காம் பகுதியின் வேலையை மறுபடி செய்யுங்கள்.

10. கடித்துவிட்டால்

பாம்பை விட்டு விலகுங்கள், துரத்தாதீர்கள். கடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும். வீக்கம் ஏறிய பிறகு அவை சதையை இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல், எலும்பு முறிவுக்குச் செய்வதைப் போல் ஒரு கட்டையோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். தசை அசையும்போது விஷம் வேகமாகப் பரவும் என்பதால், கடிபட்டவர் நடக்கவோ ஓடவோ கூடாது. வாகனம் எதுவும் கிடைக்காத இடத்தில் இருசக்கர வண்டியில், ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே அமர்த்தி அழைத்துச் செல்லலாம்.

கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல், பச்சிலை பூசுதல் எதுவும் வேண்டாம். இறுக்கிய கட்டு உறுப்பை அழுகவைக்கும். கீறினால் இரத்தம் உறையாத நிலையில் போக்கு நிற்காது. யாரேனும் ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், அதை வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் உடலில் பாயலாம் என்பதால், அதை மருத்துவமனையில் அவிழ்ப்பதே பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் உறுப்பு முழுவதும் மீள்பட்டை (இழுத்தால் நீளும் கட்டுத்துணி) சுற்றும் முறை கற்பிக்கப்படுகிறது; அது அங்குள்ள பாம்புகளுக்கும் முறையான பயிற்சிக்கும் உரியது. கடித்த இடத்தில் சதையை அழிக்கும் விரியன் கடிக்கு அதைக் காப்பியடிக்காமல், உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறை சொல்வதைப் பின்பற்றுங்கள்.

வலிக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்க வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி வந்தாலோ மயக்கம் வந்தாலோ, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சு தடைபடாமல் பாருங்கள். இமை சரிவது, பேச்சு குழறுவது, ஈறில் இரத்தம் கசிவது, சிறுநீரின் நிறம் மாறுவது ஆகியவை எந்த நேரத்தில் தொடங்கின என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விஷமற்ற பாம்பு என்று தோன்றினாலும், வலியே இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குப் போய்க் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கண்ணாடி விரியன் கடியில் இரத்தம் உறைகிறதா என்பதை, கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கும் எளிய சோதனையால் அறிகிறார்கள். அது தேவைக்கேற்ப மீண்டும் மீண்டும் செய்யப்படுவதால், முதல் முடிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. விஷமுறிவு மருந்தின் அளவு பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒன்றே. பாம்பு செலுத்திய விஷத்துக்கு ஏற்பவே மருந்து தேவைப்படுவதால், உடல் எடையைச் சொல்லி அளவைக் குறைக்கும்படி கேட்க வேண்டியதில்லை.

வீடு திரும்பிய ஒன்றிரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், மூட்டு வலி, தோல் தடிப்பு தோன்றினால், அது விஷமுறிவு மருந்துக்கு உடல் காட்டும் பிந்திய எதிர்வினையாக இருக்கலாம். சிகிச்சையளித்த மருத்துவமனைக்கே, வெளியேறும்போது கொடுத்த சீட்டோடு திரும்பிச் செல்லுங்கள்.